வெறும் சட்டியில் தாளிப்பு

சிவமயம்

நேமத்தான்பட்டி
9 பிப்ரவரி 2025

மருமகள் மீனலோசனிக்குச் சிகப்பி எழுதுவது. இங்கு நான் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை யார் வாய் வழியாகவும் இல்லாமல் உன் கை எழுத்தில் அறிய விரும்புகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். அரியக்குடிக் கல்யாணத்தில் நான் உன்னைப் பைத்தியம் என்று சொன்னதாகப் பேசிக்கொள்கிறார்கள். நான் சொல்லவில்லை. நடந்தது இது. பந்தியில் தேவகோட்டைச் சிட்டாள் எனக்குப் பக்கத்து இலை. "மருமக எங்க ஆச்சி? கோயமுத்தூர்ல அண்ணன் வீட்டுலயே தங்கிட்டாகளாமே?" என்று கேட்டாள். "அவளுக்கு உடம்பு சரியில்லை" என்றேன். "என்ன உடம்பு?" என்றாள். "அது அவ உடம்பு. அவகிட்டக் கேளு" என்றேன். இவ்வளவுதான். பாயசம் வருவதற்குள் இது நான்கு இலை தாண்டிப் போய், மோர் ஊற்றும்போது எனக்கே திரும்பி வந்தது: "மருமகளுக்குச் சித்தம் கலங்கிப் போச்சுன்னு சிகப்பி ஆச்சியே சொல்லிட்டாகளாம்." மோரைச் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

இரண்டாவது, நான் உன்னை வீட்டைவிட்டு அனுப்பினேன் என்பது. இதற்கும் பதில் சொல்லியிருக்கலாம். என் மகன் குமரப்பன் மஸ்கட்டில் இருக்கிறான், பேத்தி அக்ஷரா சென்னையில் படிக்கிறாள், பெரிய வீட்டில் நானும் மருமகளும் மட்டும் இருந்தோம் என்று சொல்லியிருக்கலாம். கல்யாணமான மறுவருஷமே நம் வழக்கப்படி உங்களை வேறு வைத்தேன். ஒரே வீடு, வளவு முற்றத்துக்கு இந்தப் பக்கம் என் அடுப்பு, அந்தப் பக்கம் உன் அடுப்பு. பாத்திரம், உப்பு, புளி எல்லாம் தனி. இத்தனை வருஷத்தில் ஒரு சுடுசொல் இல்லை. பொங்கல் கழிந்து உன் அண்ணன் வள்ளியப்பன் காருடன் வந்தபோது நீதான் "கொஞ்ச நாள் போயிட்டு வாரேன் அயித்தை" என்றாய். நான் வாசல்வரை வந்தேன். இதையெல்லாம் சிட்டாளிடம் சொல்வது என் தகுதிக்குக் குறைவு. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

உன்னால் போன் எடுக்க முடியவில்லை என்று வள்ளியப்பன் சொன்னார். எடுக்க வேண்டாம். போன் உடனே பதில் கேட்கும். கடிதம் மேசையில் கிடக்கும். முடிகிறபோது பிரி.

ஆசிகளுடன்,
சிகப்பி

*

நேமத்தான்பட்டி
27 பிப்ரவரி 2025

மீனலோசனிக்கு ஆசிகள். எனக்குக் குறையில்லை. உனக்கும் அப்படியே இருக்க வேண்டும்.

என் கடிதம் வந்திருக்கும். பதில் இல்லாததை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேலைக்கு வந்த செந்தாமரை உன் பக்கத்து அறைகளைப் பெருக்கி வைத்தாள். உன் அடுப்படிப் பூட்டைத் திறக்கச் சொல்லவில்லை. அது உன்னுடையது. சாவி சாமி அறையில் இருக்கிறது.

மாசி மாதத்திலேயே வெயில் கடுமை. தண்ணீர் குடி.

சிகப்பி

*

கோயம்புத்தூர்
12 மார்ச் 2025

அயித்தைக்கு மீனா வணக்கம்.

இரண்டு கடிதமும் வந்தன. படித்தேன். நீங்கள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். வயிறு சரியில்லை. தூக்கம் இல்லை. காலையில் எழுந்திருப்பதுதான் கஷ்டம். இதற்கு மேல் எழுத முடியவில்லை. மன்னியுங்கள்.

மீனா

*

நேமத்தான்பட்டி
18 மார்ச் 2025

மீனலோசனிக்கு ஆசிகள். நான் நலம்.

உன் கடிதம் சின்னதுதான், ஆனால் என் கைக்கு வந்தது. மிகவும் சந்தோஷம். ஒரே குறை, கடைசிச் சொல். வயிறு சரியில்லாததற்கு யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. அடுத்த கடிதத்தில் அது இருக்கக்கூடாது.

போன ஞாயிறு குமரப்பன் பேசினான். "மனசுல ஒண்ணும் இல்ல ஆத்தா, அவளுக்கு வயிறுதான்" என்றான். மறுநாள் வள்ளியப்பன் பேசினார். "வயித்துல ஒண்ணும் இல்ல ஆச்சி, ஸ்கேன் பாத்தாச்சு. மனசுதான்" என்றார். இரண்டு ஆண்களும் உன்னை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஆளுக்குப் பாதியை மறுக்கிறார்கள். பெண் ஒருத்தியைக் கேட்கலாம் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

நான் கேட்கிறேன். கூச்சப்படாமல் எழுது. எப்போது தொடங்கியது? மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? வயிறு கட்டுகிறதா, போகிறதா? என்ன மாத்திரை சாப்பிட்டாய்? நான் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். சுகாதார வகுப்பில் சிஸ்டர் ஒருவர் குடலின் படத்தைக் கரும்பலகை முழுக்க வரைந்துவிட்டு, சிரித்தவளை வகுப்பு முடியும்வரை அதன் முன்னாலேயே நிற்க வைப்பார். நான் ஒருமுறை நின்றிருக்கிறேன். அதிலிருந்து குடலைப் பற்றிச் சிரிப்பதில்லை.

பெண் டாக்டராகப் பார். இது வேண்டுகோள் இல்லை.

சிகப்பி

*

கோயம்புத்தூர்
6 ஏப்ரல் 2025

அயித்தைக்கு மீனா வணக்கம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இப்போது கொஞ்சம் தெளிவாக இருக்கிறேன், அதனால் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாளாக எழுதுகிறேன்.

டாக்டர் பொன்னுத்தாயி என்பவரைப் பார்த்தேன். பரமக்குடிப் பக்கத்துக்காரர். "இங்குட்டு உக்காருங்க" என்றதுமே எனக்கு ஊருக்கு வந்த மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் கேட்ட கேள்விகளைத்தான் அதே வரிசையில் கேட்டார். இரண்டு வருஷமாக மாதவிலக்கு தாறுமாறு. அதே காலத்தில் எனக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வந்தது உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் பழைய சீட்டைக் கொண்டுபோய் அதே ஆன்டிபயாட்டிக் மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டேன். அதைச் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணன் சொல்றதும் சரி, வீட்டுக்காரர் சொல்றதும் சரி. வயித்துக்கும் மனசுக்கும் நடுவுல கதவு உண்டு, பூட்டுக் கிடையாது" என்றார். குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றனவாம். உடம்பு கழித்துவிடுகிற ஈஸ்ட்ரோஜனில் ஒரு பங்கைச் சில பாக்டீரியாக்கள் மீட்டு மறுபடி ரத்தத்துக்கு அனுப்புமாம். வேறு சில அதைச் சிதைத்துவிடுமாம். என் வயதில் அந்த ஹார்மோன் எப்படியும் ஏறி இறங்கும். அந்த நேரத்தில் நான் மாத்திரை மாத்திரையாகப் போட்டு நல்லது கெட்டது எல்லாவற்றையும் கொன்றிருக்கிறேன். பெண்களுக்கு வரும் மனச்சோர்வில் இதற்கும் பங்கு உண்டா என்று அவர்கள் கல்லூரியில் ஒரு ஆய்வு நடக்கிறது. "அப்ப என் மனசுக்கு இதுதான் காரணமா?" என்று கேட்டேன். "தெரியாது. எலியில பாத்திருக்காக, சில பொம்பளைகள்ட்டயும் பாத்திருக்காக. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரிச் சொல்லமாட்டேன். மனச்சோர்வுக்கு மாத்திரை தாரேன், அது தெரிஞ்ச வைத்தியம். சாப்பாட்டையும் சரி பண்ணுவோம். ஆய்வுக்கு வாரீகளான்னு மட்டும் யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். அதற்கு என்ன கொடுக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு டப்பாவும் குட்டிக் கரண்டியும் தந்தார்கள். கொண்டுபோகும்வரை ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டுமாம். அண்ணன் பெண்டாட்டி ஆனாலும் அண்ணமிண்டியிடம் இதைச் சொல்ல முடியுமா? அவர் மாவு வைக்கிற ஃபிரிட்ஜ்! நாலு பைக்குள் சுற்றி, "ரத்தம்" என்று மேலே எழுதி வைத்தேன். அண்ணமிண்டி அதைத் திறந்து பார்க்காதது நம் சாமி புண்ணியம்.

அயித்தை, இன்னொன்று. டாக்டர் "வீட்டுல என்ன சமைச்சுச் சாப்பிட்டீக?" என்று கேட்டபோது அழுதுவிட்டேன். போன கார்த்திகையிலிருந்து நான் உலை வைக்கவில்லை. அரிசியைக் களையக்கூட முடியவில்லை. ஆனால் வளவுக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருந்தீர்கள். பதினோரு மணிக்கு என் அடுப்படியிலிருந்து வாசம் வராவிட்டால் என்ன நினைப்பீர்கள்? அதனால் தினமும் சட்டியில் எண்ணெய் ஊற்றி, கடுகும் கருவேப்பிலையும் தாளித்தேன். வெறும் சட்டியில். அது பொரிந்து முடிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வேன். ரொட்டியும் பழமும் தின்பேன். சில நாள் அதுவும் இல்லை.

இதைக் குமரப்பனிடம்கூடச் சொல்லவில்லை.

மீனா

*

நேமத்தான்பட்டி
14 ஏப்ரல் 2025
சித்திரை முதல் நாள்

மீனலோசனிக்குப் புது வருஷ ஆசிகள். முழங்கால் தன் வேலையைப் பார்க்கிறது. நான் நலம்.

டாக்டர் பொன்னுத்தாயியை எனக்குப் பிடித்திருக்கிறது. "தெரியாது" என்று சொல்கிற டாக்டரை நான் இந்த வயதில் முதல்முறையாகக் கேள்விப்படுகிறேன். மாத்திரையை ஒரு வேளையும் விடாதே. டப்பாவைப் பற்றி நீ எழுதியதைப் படித்து நான் சிரிக்கவில்லை. செந்தாமரை கூடத்தில் இருந்தாள், அதனால் சாமி அறைக்குள் போனேன்.

தாளிப்பு.

எனக்கு அந்த வாசம் வந்தது. அதற்குப் பிறகு வேறு எதுவும் வேகிற வாசம் வரவில்லை என்பதையும் கவனித்தேன். புளி கொதிக்கவில்லை, பருப்பு குழையவில்லை. பெருங்காயம் தாளிப்பில்கூட இல்லை. என்ன குழம்பு இது என்று யோசித்தேன். கேட்கவில்லை. அடுத்த அடுப்படியை எட்டிப் பார்ப்பது நம் வீடுகளில் கிடையாது. என் மாமியார் முப்பது வருஷம் என் அடுப்படி நிலைப்படியைத் தாண்டியதில்லை. உள்ளே நான் என்ன பாடு பட்டாலும் அது என் ராஜ்யம். அந்த மரியாதையை உனக்கும் கொடுத்தேன். கொடுத்தது பசியோடு இருந்த ஒருத்திக்கு என்பது தெரியவில்லை. வேறு எந்த வீட்டிலாவது மாமியார் "ஏன்டீ சாப்பிடலை?" என்று ஒரு சத்தம் போட்டிருப்பாள், விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். நாம் இரண்டு பேரும் அளவுக்கு மீறி ஒழுங்காக இருந்துவிட்டோம்.

என்னைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். எல்லாம் முறையாக நடக்கிறது. சிக்கனத்துக்கு ஒன்று சொல்கிறேன். தீபாவளிக்கு மாற்றிய சிலிண்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. செந்தாமரை அவள் வீட்டில் மாதத்துக்கு ஒன்று தீர்ப்பதாகச் சொல்லி வாயைப் பிளக்கிறாள். பெண்களுக்கு அடுப்பை அணைக்கத் தெரிய வேண்டும் என்று அவளுக்குச் சொன்னேன்.

என்ன சாப்பிடச் சொல்லியிருக்கிறார் என்று விவரமாக எழுது.

சிகப்பி

*

கோயம்புத்தூர்
2 மே 2025

அயித்தைக்கு மீனா வணக்கம். அங்கு வெயில் எப்படி? உங்களுக்குத் தலைசுற்றல் இல்லையே?

மாத்திரை ஆரம்பித்து முதல் பத்து நாள் குமட்டல். விட்டுவிடலாமா என்று நினைத்தேன். உங்கள் "ஒரு வேளையும்" ஞாபகம் வந்தது. இப்போது குமட்டல் நின்றுவிட்டது. தூக்கம் நாலு மணி நேரம் வருகிறது. சாப்பாட்டில் அதிசயம் ஒன்றும் இல்லை. கீரை, பயறு, கம்பு, கேழ்வரகு, தோலோடு பழம், தினமும் தயிர், ஒரே காயைத் திரும்பத் திரும்பச் சாப்பிடாமல் மாற்றி மாற்றி. "உள்ள இருக்கிற கூட்டத்துக்கும் சேத்து இலை போடுறோம்னு நினைச்சுக்கிருங்க, விதவிதமா ஆளுக இருக்கு, விதவிதமா போடணும்" என்கிறார் டாக்டர். பழைய சீட்டைக் கிழித்துப் போடச் சொன்னார். அவர் முன்னாலேயே கிழித்தேன்.

அயித்தை, உங்கள் சிலிண்டரைப் பற்றி யோசித்தேன். மாமா இருந்தபோது ஒரு சிலிண்டர் ஒன்றரை மாதம் வரும். மாமா போன முதல் வருஷம், உங்கள் ஒருவருக்குச் சமைத்தபோதே மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும். எனக்குத் தெரியும், என் போனில் நான்தான் பதிவு செய்வேன். தீபாவளிக்கு மாற்றியது சித்திரை வரை எப்படி ஓடும்?

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. நான் வெறும் சட்டியில் தாளித்துக்கொண்டிருந்த நாட்களில் உங்கள் பக்கமிருந்தும் வாசம் வந்தது. காபி வாசம். காலையில் காபி, பகலில் காபி, விளக்கு வைத்ததும் காபி. அப்போது அதை யோசிக்க எனக்குத் தெம்பில்லை.

நீங்கள் சாப்பிடுகிறீர்களா?

மீனா

*

கோயம்புத்தூர்
29 மே 2025

அயித்தைக்கு மீனா வணக்கம்.

நாலு வாரமாகப் பதில் இல்லை. என் இரண்டு கேள்வியும் உங்களைக் கோபப்படுத்தியிருந்தால் கோபப்படுங்கள். ஆனால் எழுதிக் கோபப்படுங்கள்.

நேற்று நான் போனைக் கையில் எடுத்தேன். பொங்கலுக்குப் பிறகு யாருக்கும் நானாகப் போன் செய்ததில்லை. உங்கள் எண்ணைப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, நீங்கள் எடுக்கவில்லை. மூன்று முறை போட்டேன். மறுமுனையில் இருப்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு செந்தாமரைக்குப் போட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஆச்சி படுத்தே கெடக்காக. உங்க கடுதாசிய மடியில வச்சிருக்காக, பேனாவ எடுக்காக, வைக்காக. நான் ஒரு வாய் கஞ்சி கொண்டாந்தா 'உன் வீட்டுச் சோத்துக்கா நான் காத்திருக்கேன்?'னு ஏசுறாக. சேலைக்குள்ள ஆளைக் காணல மீனாம்மா."

சிட்டாள் ஆச்சிக்குச் சொன்ன பதிலை எனக்குச் சொல்லிவிடாதீர்கள். அது உங்கள் உடம்புதான். ஆனால் கேட்பது சிட்டாள் இல்லை.

காரைக்குடியில் ஒரு பெண் டாக்டரைப் பொன்னுத்தாயி டாக்டரே விசாரித்துச் சொன்னார். திங்கட்கிழமை பத்து மணிக்குக் கார் வரும், செந்தாமரை கூட வருவாள். இது வேண்டுகோள் இல்லை.

மீனா

*

நேமத்தான்பட்டி
16 ஜூன் 2025

மீனலோசனிக்கு ஆசிகள்.

கடிதத்தின் தொடக்கத்தில் நான் நலம் என்று எழுதுவது வழக்கம். இந்த முறை அதை எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பாய்.

கார் வந்தது. செந்தாமரை அதில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். திருப்பி அனுப்பினால் ஊர் பார்க்கும் என்பதால் ஏறினேன். டாக்டருக்கு அக்ஷராவைவிடப் பத்து வயது கூட இருந்தால் அதிகம். "எத்தனை நாளா பாட்டி சாப்பாடு இறங்கல?" என்றாள். எனக்குப் பாட்டி என்றால் பிடிக்காது. "சிகப்பி ஆச்சி" என்றேன். "சரி ஆச்சி, எத்தனை நாளா?" என்றாள். விடமாட்டாள் என்று தெரிந்தது.

ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு சுரப்பி சோம்பிப்போயிருக்கிறதாம். பி-12 தரையில் கிடக்கிறதாம். நெஞ்செரிச்சலுக்கு வருஷக்கணக்காக நானே வாங்கிச் சாப்பிட்ட மாத்திரை அதற்கு ஒரு காரணமாக இருக்கலாமாம். உன் பழைய சீட்டைப் பற்றி நான் மனதுக்குள் சொன்னதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வயிறு கட்டுவது, குளிர்வது, எதிலும் மனம் ஒட்டாதது, இதெல்லாம் வயசு என்று நினைத்திருந்தேன். "பாதி தைராய்டு ஆச்சி. மீதியைப் பேசணும், வாரம் ஒருமுறை வாங்க" என்றாள். பேசுவதற்கு என்ன இருக்கிறது என்றேன். "சமைக்கிறதை ஏன் நிறுத்துனீக?" என்று கேட்டாள்.

அவளுக்குச் சொல்லாத பதிலை உனக்கு எழுதுகிறேன். உன் மாமா ரசம் ஆறினால் சாப்பிடமாட்டார். நாற்பத்தாறு வருஷம் அவர் கை கழுவுகிற சத்தம் கேட்டுத்தான் ரசத்தை இறக்கினேன். அவர் போன பிறகு ஒரு வருஷம் பழக்கத்தில் ஓடியது. பிறகு ஒரு நாள் கையளவு அரிசியைக் களைந்துகொண்டிருக்கும்போது எனக்கு அவமானமாக இருந்தது. ஒருத்திக்காக, அதுவும் எனக்காக, இவ்வளவு பெரிய வீட்டில் உலை வைப்பதா என்று. அரிசியைத் திரும்பக் கொட்டிவிட்டேன். காபிக்கு யாரும் துணை வேண்டாம்.

உனக்குப் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. பொய் எழுதக் கை வரவில்லை. நிஜம் எழுத அதைவிட வரவில்லை. போன் அடித்தது எனக்குக் கேட்டது. உன் பெயர் வந்ததையும் பார்த்தேன். மூன்று முறையும் பார்த்தேன்.

தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில். ஊசி வாரம் இரண்டு. செந்தாமரை கஞ்சியைக் குடிக்கிறேன். உப்பு சற்றுத் தூக்கல், சொல்லியிருக்கிறேன்.

சிகப்பி

*

கோயம்புத்தூர்
5 ஜூலை 2025

அயித்தைக்கு மீனா வணக்கம். ஊசி போட்ட இடம் வலிக்கிறதா? வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

உங்கள் கடிதத்தை அடுப்பு மேடையில் வைத்துப் படித்தேன். அன்றைக்கு அண்ணமிண்டி கோயிலுக்குப் போயிருந்தார். யாரும் கேட்காமல் நானே எழுந்து கத்திரிக்காய் நறுக்கினேன். பெரிய விஷயம் இல்லை, ஒரு கூட்டுதான். அண்ணன் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார். அண்ணமிண்டி வந்து பார்த்துவிட்டு என் தலையை ஒருதடவை தொட்டுவிட்டுப் போனார்.

முழுக்கச் சரியாகிவிட்டேன் என்று எழுதமாட்டேன். வாரத்தில் இரண்டு நாள் இன்னும் காலை கனமாகத்தான் விடிகிறது. ஆனால் மீதி நாட்கள் என்னுடையவை. வயிறு ஓரளவு சொன்னபடி கேட்கிறது. ஆய்வுக்கு இரண்டாவது டப்பாவும் கொடுத்துவிட்டேன், இந்த முறை மேலே உள்ளதை உள்ளபடி எழுதினேன். முடிவு வர இரண்டு வருஷம் ஆகுமாம். "உங்களுக்கு இதுல உடனே லாபம் இல்ல, உங்க மக வயசுக்காரிகளுக்கு ஏதாவது தெரிய வரலாம்" என்றார் டாக்டர். அக்ஷராவிடம் சொன்னேன். "அம்மா, நீ விஞ்ஞானத்துக்குக் குடுத்ததிலேயே இதுதான் பெரிய நன்கொடை" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

டாக்டர் ஊருக்குப் போகலாம் என்கிறார், மாதம் ஒருமுறை வந்து பார்த்தால் போதுமாம். குமரப்பனும் கேட்கிறார். எனக்கும் வர ஆசைதான். ஆனால் பயமாக இருக்கிறது அயித்தை. அந்தப் பூட்டைத் திறந்து அந்தச் சட்டிக்கு முன்னால் தனியாக நிற்க வேண்டும். ஒரு கனமான நாள் வரும். அன்றைக்கு மறுபடி கடுகைப் போட்டுவிடுவேனோ என்று.

மீனா

*

நேமத்தான்பட்டி
20 ஜூலை 2025

மீனலோசனிக்கு ஆசிகள். இந்த முறை எழுதலாம்: நான் நலம், முக்கால்வாசி. இரண்டு கிலோ ஏறியிருக்கிறேன். சிலிண்டர் தீர்ந்துவிட்டது. இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் தீர்த்ததில்லை.

உன் பயம் நியாயமானது. நான் நாலு நாள் யோசித்தேன். வேறு வைத்த அடுப்பை ஒன்று சேர்க்கும் வழக்கம் நம்மில் இல்லை. நான் அதை மாற்றப்போவதில்லை. உன் அடுப்பு உன்னுடையது, என் அடுப்பு என்னுடையது. ஆனால் வழக்கம் அடுப்பைப் பற்றித்தான் பேசுகிறது. யார் இலையில் யார் சாப்பிட வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. ஆகவே ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீ எனக்குச் சமை. நான் உன் பக்கத்துக்கு விருந்தாளியாக வருவேன், உப்புக் குறைந்தால் சொல்வேன். மறுநாள் நான் சமைப்பேன், நீ என் பக்கத்துக்கு விருந்தாளியாக வா, நீயும் சொல். தனக்காக உலை வைக்கத்தான் நம் இருவருக்கும் வரவில்லை. விருந்துக்கு வைக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வளவில் இலை போடச் செந்தாமரையிடம் சொல்லிவிட்டேன். "ரெண்டு பேருக்கும் பொழுது போகலையாக்கும்" என்றாள். அவளுக்கும் ஒரு இலை உண்டு என்றதும் பேச்சு மாறியது.

கனமான நாளுக்கு ஒரே ஒரு விதி. அன்றைக்குத் தாளிக்காதே. பதினோரு மணிக்கு வாசம் வராவிட்டால் நான் உன் அடுப்படி நிலையைத் தாண்டி உள்ளே வருவேன். கேட்காமல் வருவேன். என் பக்கத்திலிருந்து காபி வாசம் மட்டும் வந்தால் நீயும் அப்படியே வா.

சிட்டாள் நேற்று வந்தாள். "மாமியாளும் மருமகளும் ஒரே சமயத்துல டாக்டர்கிட்டப் போறீகளாமே, என்ன ஆச்சி விசேஷம்?" என்றாள். "எனக்குத் தைராய்டு, அவளுக்கு மனச்சோர்வு. ரெண்டுக்கும் மருந்து சாப்பிடுறோம். உனக்கு வயிறு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் சொன்னாள். பாவம், அவளையும் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. பொன்னுத்தாயி டாக்டரின் விலாசம் வேண்டுமாம்.

திருப்பத்தூர் பஸ் நிலையத்துக்கு நானே காருடன் வருகிறேன். முதல் நாள் சமையல் என்னுடையது. நீ எந்தத் தேதியில் வருகிறாய், எத்தனை மணி பஸ், குழம்பில் மிளகாய் எவ்வளவு தாங்கும், இந்த மூன்றையும் எனக்கு எழுது. போனில் வேண்டாம். கடிதமாக எழுது.

சிகப்பி